சர்க்கார் ஸ்டூடியோ யாருக்காக?

மில் கதவு பூட்டிக் கிடக்கிறது. வயலில் நாற்று நடும் யந்திரம் வந்து வேலை நாட்களைப் பாதியாக்கிவிட்டது. ரேஷன் கடையில் நிற்கிறவனிடம் போய் சினிமா ஸ்டூடியோவை விஸ்தரிப்பது பற்றிப் பேசலாமா? வாசகர்களில் சிலர் நம்மிடம் இப்படிக் கேட்கக் கூடும். கேள்வி நியாயமானதுதான். ஆயினும், இதைப் பற்றிப் பேசியே ஆகவேண்டும் என்று நாம் கருதுகிறோம். அதற்குக் காரணங்கள் உண்டு.

முதலாவது, சினிமாவுக்குப் பணம் கொடுப்பவர் யார்? படமெடுக்கும் முதலாளி கடன் வாங்குகிறார். வட்டிக்காரர் கடன் கொடுக்கிறார். கடைசியில் அசலையும் வட்டியையும் நட்சத்திரங்களின் கோடிகளையும் சேர்த்துக் கட்டுவது, கொட்டகையில் டிக்கெட் வாங்கும் ஜனங்கள்தான். 100 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட் என்றால் அதன்மேல் 18 சதவிகிதம் சரக்கு சேவை வரியும் உண்டு. நாற்று நட்டுச் சம்பாதித்த கூலியும், ஷிப்டு முடிந்து வாங்கிய சம்பளமும் கலந்துதான் இந்தத் தொழில் நடக்கிறது. எனவே, இதைப் பற்றிக் கேள்வி கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

இரண்டாவது, இங்கே பேசப்படுவது தனியார் ஸ்டூடியோ அல்ல. மக்களின் நிலத்தில், மக்களின் பணத்தில் நிற்கும் சர்க்கார் ஸ்டூடியோ. பொதுச் சொத்து பெருகுகிறதா, கை மாறுகிறதா என்பது எந்தத் தொழிலாளிக்கும் அந்நியமான விஷயமல்ல.

இரண்டு அறிவிப்புகள்

2024 ஜனவரியில், சென்னையில் திரையுலகத்தார் நடத்திய கலைஞர் நூற்றாண்டு விழாவில், அப்போதைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இரண்டு அறிவிப்புகளை வெளியிட்டார். தரமணியிலுள்ள எம்.ஜி.ஆர். திரைப்பட நகரத்தில் நவீன வசதிகளோடு நான்கு படப்பிடிப்புத் தளங்கள் 25 கோடி ரூபாயில் மேம்படுத்தப்படும் என்பது ஒன்று. பூந்தமல்லி அருகே நட்சத்திர ஓட்டல் உள்பட சகல வசதிகளும் கொண்ட ஒரு புதிய திரைப்பட நகரம் எழுப்பப்படும் என்பது மற்றொன்று. அடுத்த மாதம், 2024 பிப்ரவரியில், சட்டசபையில் வைக்கப்பட்ட பட்ஜெட்டில் இந்த இரண்டாவது திட்டத்தின் உருவம் தெரிந்தது. 150 ஏக்கர் நிலம். 500 கோடி ரூபாய் மதிப்பீடு. சர்க்காரும் தனியாரும் பங்கு சேர்ந்து நடத்தும் ஏற்பாடு.

இந்த இரண்டு தொகைகளையும் வாசகர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சர்க்காருக்கே முழுவதும் சொந்தமான இடத்துக்கு 25 கோடி. தனியாரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளும் இடத்துக்கு 500 கோடி. ஒன்றுக்கு இருபது!

ஸ்டூடியோ விஸ்தரிப்பை நாம் எதிர்க்கவில்லை, மனமார வரவேற்கிறோம். தமிழ்ப் படத்தை எடுக்க, விளக்கு தூக்குகிறவனும் தச்சனும் தையல்காரனும் மூட்டை முடிச்சோடு ஹைதராபாத்துக்கு ரயிலேற வேண்டிய நிலைமை மாற வேண்டும். அங்கே 1996-ல் துவக்கப்பட்ட ராமோஜி திரைப்பட நகரம் ஒரு தனி முதலாளியின் சாம்ராஜ்யமாகப் பரந்து கிடக்கிறது. தமிழ்நாட்டில் அதற்கு மாற்றாக ஒரு பொது ஸ்டூடியோ வளர்ந்தால் நல்லதுதான். ஆனால் யார் கையில் வளரப் போகிறது, யாருக்காக வளரப் போகிறது என்பதுதான் கேள்வி.

தனியார் ஸ்டூடியோக்கள் போன வழி

"சர்க்காருக்கு எதற்கு ஸ்டூடியோ? தனியார் பார்த்துக்கொள்ள மாட்டார்களா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சரித்திரமே பதில் சொல்கிறது.

சேலத்தில் டி.ஆர். சுந்தரம் ஏற்படுத்திய மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கு மேற்பட்ட படங்களை எடுத்தது. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938-ல் அங்கேதான் உருவாயிற்று. தமிழின் முதல் முழு வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-ல் அங்கிருந்துதான் வந்தது. இன்று ஏற்காடு ரோட்டில் அதன் நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கிறது. கோவையில் சென்ட்ரல் ஸ்டூடியோவும் பட்சிராஜாவும் இருந்தன; மில் தொழிலாளர்கள் சைக்கிளில் வேலைக்குப் போகும் வழியில் அந்த மதில்களைப் பார்த்திருக்கிறார்கள். அவையும் போயின. சென்னையில் எஸ்.எஸ். வாசனின் ஜெமினி ஸ்டூடியோ ஒரு மேம்பாலத்தின் பெயராக மட்டும் ஜனங்கள் வாயில் மிஞ்சியிருக்கிறது. ஆசியாவிலேயே பெரியது என்று பேசப்பட்ட விஜயா வாஹினி நின்ற வடபழனி மண்ணில் இன்று ஆஸ்பத்திரியும் பெரிய கடை வளாகமும் நிற்கின்றன.

இந்த ஸ்டூடியோக்களை நடத்தியவர்களின் திறமையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் முதலாளித்துவக் கணக்கு ஒன்றே ஒன்றுதான். படத்தளத்தில் வரும் வாடகையைவிட அந்த நிலத்தை விற்றால் வரும் பணம் அதிகமாக இருந்தால், ஸ்டூடியோ படுத்துவிடும். கலை, தொழில், அங்கே முப்பது வருஷம் வேலை பார்த்த தொழிலாளி என்பதெல்லாம் அந்தக் கணக்கில் ஒரு பைசா பெறாது. பஞ்சாலைகளின் நிலத்துக்கு விலை ஏறியபோது மில்களுக்கு நேர்ந்த கதியேதான் ஸ்டூடியோக்களுக்கும் நேர்ந்தது. இதை நம் வாசகர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

ஆகவேதான் சர்க்கார் ஸ்டூடியோ வேண்டும் என்கிறோம். நிலத்தின் விலை ஏறினாலும் விற்கப்படாத, விற்கக்கூடாத ஓர் இடம் அந்தத் தொழிலுக்கு வேண்டும்.

பெயர்ப் பலகை போதாது

ஆனால் பலகையில் சர்க்கார் பெயர் இருந்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது. இதற்குச் சாட்சி சொல்ல நம் மில் தொழிலாளத் தோழர்களைவிடத் தகுதியானவர் யார்? நலிந்த ஆலைகளைத் தேசிய உடைமையாக்கும் சட்டம் 1974-ல் வந்தது. தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் கைக்கு அவை வந்தன. போராடிப் பெற்ற வெற்றி அது. பிறகு என்ன நடந்தது? புது யந்திரம் போடவில்லை. மூலப் பஞ்சு வாங்கப் பணம் தரவில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கைக் காட்டி நிறுத்திய 23 ஆலைகளை, அவற்றில் தமிழ்நாட்டின் 7 ஆலைகளையும் சேர்த்து, ஐந்து வருஷம் கழிந்த பிறகும் ஓட்டவில்லை. தொழிலாளி பாதிச் சம்பளத்துக்காக வாசலில் உட்கார்ந்தான். பொதுத்துறையைக் கொல்ல விற்கத்தான் வேண்டுமென்பதில்லை. பட்டினி போட்டாலே போதும்.

தரமணியும் இதற்கு விலக்கல்ல. 1994-ல் ஆரவாரமாகத் துவக்கப்பட்ட அந்தத் திரைப்பட நகரத்துக்கு முதலில் ஒரு தலைவரின் பெயர் வைத்தார்கள். ஆட்சி மாறியதும் இன்னொரு தலைவரின் பெயர் வைத்தார்கள். பெயர் மாற்றுவதில் காட்டிய அக்கறையை யந்திரம் மாற்றுவதில் காட்டவில்லை. சுற்றிலும் கம்ப்யூட்டர் கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்கள் வானளாவ எழும்பின. நடுவே சர்க்கார் ஸ்டூடியோ களையிழந்து நின்றது. 1945-லிருந்து ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் கற்பித்து, தலைமுறை தலைமுறையாகத் தொழில் வல்லுநர்களை உருவாக்கிய சர்க்கார் திரைப்படக் கல்லூரியும் அதே தரமணியில்தான் இருக்கிறது. கல்லூரியும் ஸ்டூடியோவும் கைகோத்து நடந்திருந்தால் எத்தனையோ சாதித்திருக்கலாம். அந்தப் பார்வை எந்த ஆட்சிக்கும் இருக்கவில்லை.

வெளிநாட்டு அனுபவமும் இதையே கூறுகிறது. இத்தாலியில் ரோம் நகரத்தில் சினெசித்தா என்ற மாபெரும் ஸ்டூடியோ இருக்கிறது. 1937-ல் பாசிஸ்ட் முசோலினி தன் பிரசார முரசாக அதைக் கட்டினான். யுத்தம் முடிந்ததும் வீடிழந்த அகதிகள் அதன் தளங்களில் குடியிருந்தார்கள். நேர்மையான கலைஞர்கள் காமிராவைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்து, வேலையில்லாதவனின் கதையைப் படமாக்கினார்கள். 1948-ல் வந்த 'சைக்கிள் திருடர்கள்' அப்படிப் பிறந்ததுதான். பிற்பாடு 1997-ல், தனியாரிடம் கொடுத்தால் செழிக்கும் என்று சொல்லி அந்த ஸ்டூடியோவைத் தனியார்மயமாக்கினார்கள். செழித்ததா? இருபது வருஷம் கழித்து, 2017-ல், சர்க்காரே அதைத் திரும்ப ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. அதன் பிறகே, ஐரோப்பிய மீட்பு நிதியிலிருந்து சுமார் 30 கோடி யூரோ ஒதுக்கி, புதுத் தளங்கள் கட்டும் விஸ்தரிப்புத் திட்டம் வந்தது.

இந்தக் கதையில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. தனியார் கையில் கொடுப்பது மருந்தல்ல என்பது ஒன்று. சர்க்கார் உடைமை என்பதாலேயே அது மக்கள் உடைமையாகிவிடாது என்பது மற்றொன்று. ஆளும் கட்சியின் கொட்டு மேளமாக ஒரு ஸ்டூடியோ இருக்குமானால், பலகையில் யார் பெயர் இருந்து என்ன பயன்?

'பங்களிப்பு' என்ற மாய வார்த்தை

சர்க்கார் - தனியார் பங்களிப்பு என்ற வார்த்தை கேட்க இனிமையாக இருக்கிறது. ஒரு ஏரைப் பண்ணையாரும் குத்தகைக்காரனும் சேர்ந்து ஓட்டுவதாகச் சொன்னால் எப்படியோ, அப்படித்தான் இதுவும். உழுவது யார், களத்தில் நெல்லை அளந்து கட்டிக்கொண்டு போவது யார் என்று கிராமத்து ஜனங்களுக்குத் தெரியும்.

உத்தரப் பிரதேசத்தில் நடப்பதைப் பாருங்கள். ஜேவர் விமான நிலையத்தின் அருகே 1,000 ஏக்கரில் ஒரு திரைப்பட நகரம் என்று அந்த ராஜ்ய சர்க்கார் திட்டம் போட்டது. 2024 ஜனவரியில் முதல் கட்டமான 230 ஏக்கருக்கான ஏலத்தில், வருமானத்தில் 18 சதவிகிதம் சர்க்காருக்குத் தருவதாகச் சொன்ன கம்பெனி ஜெயித்தது. வீடும் கட்டடமும் கட்டி விற்கும் முதலாளிகள் அந்தக் கூட்டில் இருக்கிறார்கள். நூறு ரூபாயில் பதினெட்டு ரூபாய் நிலம் கொடுத்தவனுக்கு. மீதி நிலத்தை வைத்துக்கொண்டவனுக்கு! இதே நாட்டில், மும்பை கோரேகாவில் மகாராஷ்டிர சர்க்கார் 1977-ல் ஏற்படுத்திய திரைப்பட நகரம், இந்திப் படவுலகம் முழுவதற்கும் தளம் கொடுத்து வந்திருக்கிறது. சர்க்காரால் நடத்த முடியாது என்று சொல்பவர்கள் அதைப் பார்க்கட்டும்.

பூந்தமல்லித் திட்டத்தில் தனியாரின் பங்கு என்ன? எத்தனை வருஷக் குத்தகை? வாடகையை யார் தீர்மானிப்பது? நட்சத்திர ஓட்டலின் லாபம் யாருக்கு? ஸ்டூடியோ நஷ்டப்பட்டால் நிலம் என்னவாகும்? இந்தக் கேள்விகளுக்கு ஒப்பந்தத்தில் எழுத்து மூலமான பதில் வேண்டும். அந்த ஒப்பந்தம் தமிழில், ஒரு வரி விடாமல், சட்டசபையிலும் மக்கள் மன்றத்திலும் வைக்கப்பட வேண்டும்.

நிலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 150 ஏக்கர் என்பது விவசாயத் தொழிலாளிக்குச் சிறிய நிலமல்ல. 2006-ல், நிலமற்றவர்களுக்கு ஆளுக்கு இரண்டு ஏக்கர் வரை தருவதாக ஒரு திட்டம் துவக்கப்பட்டதை நம் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் கணக்குப்படி 150 ஏக்கர் எழுபத்தைந்து குடும்பங்களின் வாழ்வு. நிலம் தர இல்லை என்று கை விரித்தவர்கள், ஸ்டூடியோவுக்குக் கண்டுபிடித்துவிட்டார்கள்! ஸ்டூடியோ வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. இத்தனை குடும்பங்களின் வாழ்வுக்கு ஈடான நிலத்தை எடுத்தால், அது சிலருடைய ஓட்டலுக்கும் கேளிக்கைக்கும் போய்விடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறோம். பூந்தமல்லி வட்டாரம் செம்பரம்பாக்கம் ஏரியை ஒட்டிய ஏரி குளங்களின் பூமி. ஒரு கால்வாயை, ஒரு மேய்ச்சல் தரையைத் தொடுமுன் அந்தந்தக் கிராமசபையைக் கேட்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரைக் குடிசைகள் பட்ட பாட்டைச் சென்னை மறக்கவில்லை.

திரைக்குப் பின்னால் இருப்பவர்கள்

சினிமா என்றதும் நட்சத்திரங்கள்தான் கண் முன்னால் வருகிறார்கள். ஆனால் ஒரு படத்தைத் தோளில் சுமப்பவர்கள் வேறு. செட்டுப் போடும் தச்சர், சாயம் பூசுகிறவர், விளக்கோடு உத்தரத்தில் ஏறி நிற்கும் லைட்மேன், சமையல்காரர், டிரைவர், தையல்காரர், உடுப்புத் துவைக்கும் பெண், ஏஜெண்டுக்குக் கமிஷன் அழுது கூட்டத்தில் நிற்கும் துணை நடிகர், நெருப்பில் குதிக்கும் சண்டைக்காரர். தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனத்தில் மட்டும் சுமார் 25,000 பேர் இருக்கிறார்கள். இவர்களும் நம்மைப் போன்ற தினக்கூலிகள்தான். கால்ஷீட் இருந்தால் பேட்டா, இல்லையென்றால் பட்டினி. 2020 மார்ச்சில் படப்பிடிப்பு நின்றபோது, கோடி கோடியாகப் புரளும் இந்தத் தொழிலின் தொழிலாளர்களுக்கு ஒரு மாதம் தாங்கக்கூடக் கையிருப்பில்லை. நடிகர்கள் தரும் அரிசி மூட்டைக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. கொடுத்தவர்களின் நல்ல மனசை நாம் பாராட்டுகிறோம். ஆனால் உழைக்கிறவனுக்கு உரிமையாக வரவேண்டியது தர்மமாக வருவது எந்த நியாயத்தில் சேர்ந்தது?

உயிருக்கும் உத்தரவாதமில்லை. 2020 பிப்ரவரி 19 இரவு, அதே பூந்தமல்லி அருகே ஒரு தனியார் படப்பிடிப்பு வளாகத்தில் ராட்சதக் கிரேன் சரிந்து மூன்று பேர் மாண்டார்கள். 2025 ஜூலையில் நாகை மாவட்டத்தில் கார் சாகசக் காட்சியொன்றில் ஒரு சண்டைக் கலைஞர் உயிரிழந்தார். பஞ்சாலையில் யந்திரத்துக்கு வேலி போடாவிட்டால் பாக்டரி இன்ஸ்பெக்டர் என்று ஒருவராவது பெயருக்கு இருக்கிறார். படத்தளத்தில் யார் இருக்கிறார்? சினிமாத் தொழிலாளிக்கு எழுத்து மூலமான ஒப்பந்தம் தரவேண்டும் என்று 1981-ல் ஒரு தனிச் சட்டம் வந்தது. வருஷக் கணக்காகப் போராடிக் கிடைத்த அந்தச் சட்டத்தையும், 2020-ல் நிறைவேற்றிய தொகுப்புச் சட்டத்துக்குள் கரைத்து, 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மில் தொழிலாளியின் உரிமைகளைச் சுருக்கிய அதே கத்திதான் சினிமாத் தொழிலாளியின் கழுத்திலும் வைக்கப்பட்டிருக்கிறது.

பெண்களின் நிலைமை இன்னும் கொடுமை. கேரளத்தில் 2017-ல் நியமிக்கப்பட்ட நீதிபதி ஹேமா கமிட்டி, 2019 டிசம்பரில் தன் அறிக்கையைத் தந்தது. அது வெளியே வர 2024 ஆகஸ்டு ஆயிற்று. படப்பிடிப்பு நடக்கும் இடங்களில் பெண்களுக்கு ஒரு கழிப்பறைகூட, உடை மாற்ற ஓர் அறைகூட இல்லை என்று அந்த அறிக்கை கூறியது. வாய்ப்புத் தருவதாகச் சொல்லி நடக்கும் அக்கிரமங்களையும் வெளிப்படுத்தியது. அறிக்கையை நாலரை வருஷத்துக்கு மேல் பூட்டி வைத்ததை, அங்கே ஆட்சியில் இருந்தவர்கள் யாராயினும், நாம் நியாயப்படுத்தமாட்டோம். தமிழ்நாட்டுப் படத்தளங்களில் நிலைமை வேறு என்று யாராவது மார் தட்ட முடியுமா?

ஒரு சர்க்கார் ஸ்டூடியோ இந்த விஷயங்களில் முன்மாதிரியாக நிற்க முடியும். தனியார் முதலாளியிடம் கெஞ்சிக் கேட்க வேண்டிய பாதுகாப்பை, தன் வாசலுக்குள் வருகிற ஒவ்வொரு கம்பெனிக்கும் அது நிபந்தனையாகவே விதிக்கலாம். பாதுகாப்பு அதிகாரி இல்லாமல் கிரேன் ஏறக்கூடாது. ஒப்பந்தம் இல்லாமல் தொழிலாளி உள்ளே வரக்கூடாது. கழிப்பறை இல்லாமல் காமிரா ஓடக்கூடாது என்று சொல்லும் அதிகாரம் அதற்கு உண்டு. நாலு தளம் கட்டுவதைவிட இந்த ஒரு விதியைக் கட்டுவது பெரிய விஸ்தரிப்பு என்று நாம் கருதுகிறோம்.

நம் கதைக்கு இடமுண்டா?

கடைசியாக, அந்தத் தளங்களில் என்ன படம் எடுக்கப்படும்? பெரிய முதலாளிகளுக்கு மலிவு வாடகையில் தளம் கொடுப்பது மட்டும்தான் சர்க்கார் ஸ்டூடியோவின் வேலை என்றால், மக்கள் பணத்தை முதலாளிகளுக்கு மானியமாகக் கொடுப்பதாகவே முடியும்.

1960-ல் நிமாய் கோஷ் என்ற கலைஞர், எம்.பி. சீனிவாசன் முதலிய தோழர்களோடு கூடி 'பாதை தெரியுது பார்' என்ற படத்தை எடுத்தார். உழைப்பாளிகளின் வாழ்வைப் பேசிய படம் அது. சிறு சிறு தொகைகள் சேர்த்து எடுக்கப்பட்ட அந்தப் படம் இன்றைக்கும் பெருமையோடு பேசப்படுகிறது. அப்படிப்பட்ட பத்துப் படங்கள் ஏன் தொடர்ந்து வரவில்லை? திறமையில்லாமலா? கதையில்லாமலா? பஞ்சாலையில் பத்து மணி நேரம் நின்று நூல் முடியும் பெண்ணின் வாழ்வில் கதையில்லையா? பணமும் தளமும் கொட்டகையும் சிலர் கையில் இருக்கிறது, அதனால்தான் வரவில்லை.

கேரளம் இதில் ஒரு வழியைக் காட்டியிருக்கிறது. 1975-ல் அங்கே ஏற்படுத்திய ராஜ்யத் திரைப்பட வளர்ச்சிக் கழகம், திருவனந்தபுரம் திருவல்லத்தில் சித்ராஞ்சலி ஸ்டூடியோவை நடத்துகிறது. சொந்தமாகக் கொட்டகைகளையும் நடத்துகிறது. பெண் டைரக்டர்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களிலிருந்து வரும் டைரக்டர்களுக்கும் ஒரு படத்துக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் வரை சர்க்காரே கொடுத்துப் படமெடுக்கச் செய்திருக்கிறது. 2024 மார்ச்சில் படங்களை வீட்டிலிருந்து பார்க்கும் ஓர் இணையத் திரையையும் சர்க்கார் உடைமையாகவே துவக்கியது. அங்கும் குறைகள் உண்டு; பணம் தாமதமாக வந்தது, படங்கள் கொட்டகைக்கு வரத் தாமதமாயிற்று என்று அந்த டைரக்டர்களே குரல் எழுப்பியிருக்கிறார்கள். குறைகளைத் திருத்திக்கொண்டு அந்த வழியில் நடக்க முடியும். தமிழ்நாட்டில் முதல் அடிகூட இன்னும் வைக்கவில்லை.

நமது கோரிக்கைகள்

எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் சரி, சர்க்கார் ஸ்டூடியோ விஸ்தரிப்புத் திட்டத்தில் இவை இடம்பெற வேண்டும் என்று நாம் கோருகிறோம்:

1. முதலில் தரமணி ஸ்டூடியோவுக்குத் தேவையான முழு நிதியும் ஒதுக்கி, திரைப்படக் கல்லூரியுடன் இணைத்து அதை வளர்க்க வேண்டும்.

2. தரமணியிலும் பூந்தமல்லியிலும் ஒரு சென்ட் நிலத்தைக்கூட விற்கவோ நீண்ட காலக் குத்தகைக்கு விடவோ கூடாது. தனியாரோடு செய்யும் எந்த ஒப்பந்தமும் பகிரங்கமாக்கப்பட வேண்டும்.

3. நிர்வாகக் குழுவில் தொழிலாளர் சங்கங்கள் தேர்ந்தெடுத்து அனுப்பும் பிரதிநிதிகள் மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும். அவர்களில் பெண்களும் இருக்க வேண்டும்.

4. எட்டு மணி நேர வேலை, எழுத்து மூலமான ஒப்பந்தம், வங்கிக் கணக்கில் நேரடிக் கூலி, இன்ஷூரன்ஸ், தளத்திலேயே ஆம்புலன்ஸ், பெண்கள் புகார் கொடுக்க முறையான கமிட்டி ஆகியவை தளத்தை வாடகைக்கு எடுக்கும் ஒவ்வொருவருக்கும் நிபந்தனையாக வேண்டும்.

5. தளங்கள் ஓடும் நாட்களில் நாலில் ஒரு பங்கைச் சிறு படங்களுக்கும், முதல் படம் எடுப்பவர்களுக்கும், பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட மக்களிலிருந்து வரும் கலைஞர்களுக்கும் சலுகை வாடகையில் ஒதுக்க வேண்டும்.

6. நிலம் தரும் கிராமங்களின் இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சியும் வேலையும் தரவேண்டும். ஏரி, கால்வாய், மேய்ச்சல் தரை எதையும் தொடக்கூடாது.

7. எடுத்த படம் ஜனங்களிடம் வர, சிறு ஊர்களில் மலிவுக் கட்டணத்தில் சர்க்கார் கொட்டகைகள் வேண்டும்.

இவை எட்டாத கனவுகளல்ல. எங்கோ ஓரிடத்தில் ஏற்கெனவே நடந்தவையும், மனமிருந்தால் நாளைக்கே நடத்தக்கூடியவையும்தான்.

சினிமாத் தொழிலாளத் தோழர்களே! உங்கள் ஸ்டூடியோ விஸ்தரிப்பு உங்களுடைய பிரச்னை மட்டுமல்ல. மில் தொழிலாளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் அதில் பங்குண்டு. நீங்கள் பாதுகாப்புக்காக நிற்கும் நாளில் அவர்கள் உங்களோடு நிற்பார்கள். மூடிய ஆலைகளைத் திறக்கச் சொல்லி அவர்கள் வாசலில் உட்காரும் நாளில் நீங்களும் வாருங்கள். உங்கள் காமிராவையும் கொண்டு வாருங்கள்.

மில் தொழிலாளத் தோழர்களே, விவசாயத் தொழிலாளத் தோழர்களே! இந்த ஏழு கோரிக்கைகளையும் உங்கள் சங்கக் கூட்டத்திலும் கிராமசபையிலும் படித்துக் காட்டுங்கள்; தீர்மானம் போட்டுச் சென்னைக்கு அனுப்புங்கள். டிக்கெட் வாங்கி வாங்கி இந்தத் தொழிலை வளர்த்தவர்கள் நீங்கள். உங்கள் நிலத்தில் எழும் தளத்தில் உங்கள் வாழ்க்கைக்கும் ஓர் இடம் கேளுங்கள். கேட்டே ஆகவேண்டும்!